கத்திரிப்பூச் சேலை ஊதாவானது

திண்டுக்கல்லில் போய் ஆரோக்கியதாஸ் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கலர் தாஸ் என்றால் கடை வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பெயரை ஊர்தான் எனக்கு வைத்தது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் போர்டு எழுதும்போது நானே பெயின்டரிடம் சொல்லி எழுத வைத்தது. ‘வண்ணமலர் ஸ்டுடியோ, உரிமையாளர் கலர் தாஸ்’ என்று சிவப்பில் எழுதி, மஞ்சளில் ஓரம் கட்டச் சொன்னேன். கொஞ்ச காலத்தில் ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. போர்டில் இருப்பதை நம்புகிற ஊர்.

அப்பா சாணார்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். என்னையும் வாத்தியாராக்க ஆசைப்பட்டார். கணக்கு வரவில்லை, அதனால் கலைஞன் ஆனேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கடை போட்டேன். அடுத்த சில வருடங்களில் செம்பட்டியிலிருந்து பழனி வரைக்கும் முகூர்த்த நாள் என்றால் என் ஸ்கூட்டர் எங்காவது ஒரு மண்டப வாசலில் நிற்கும்.

என் தொழில்முறையைச் சொல்லியாக வேண்டும். வெளிச்சத்தை அளக்க மற்றவர்கள் மீட்டர் வைத்திருந்தார்கள். நான் அதைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்ப்பேன். கூட்டம் அமைதியாகும். செத்த நேரம் கழித்து, “எட்டு” என்பேன். லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கான எண் அது. வெயில் அடித்தாலும் எட்டு, மேகம் போட்டாலும் எட்டு, மண்டபத்துக்குள் ஃபிளாஷ் போட்டாலும் எட்டு. ஆனால் வானத்தைப் பார்க்காமல் ஒருநாளும் சொன்னதில்லை. மண்டபத்துக்குள் இருந்தால் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

படங்கள் பிரமாதமாக வந்தன. பட்டுச் சேலை பட்டாகவே மின்னியது. மல்லிகைப் பூவில் இதழ் இதழாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முகங்கள். வயல்காட்டில் வெந்த முகம்கூட என் படத்தில் கோதுமை நிறத்தில் இருக்கும். “தாஸ் எடுத்தா கலரே தனி” என்று சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. கடையின் கண்ணாடிக்குள் என் மனைவி செபஸ்தியம்மாளின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். பச்சைப் பட்டு, கழுத்தில் மெல்லிய சங்கிலி, முகத்தில் சாயங்கால வெயில் போல ஒரு வெளிச்சம். அந்த ஒரு படத்தைப் பார்த்தே பாதிப் பேர் உள்ளே வந்தார்கள்.

ரோல்களைக் கழுவி பிரிண்ட் போட்டது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கலர் லேபில். முதலாளி நூர் அகமது பாய். குடும்பத்துத் தோல் வியாபாரத்தை அண்ணன்களிடம் விட்டுவிட்டு வெளிநாட்டு மெஷின் வாங்கிப் போட்டவர். மெஷினை ஓட்டியது அவர் மனைவி சர்புன்னிசா. ஒவ்வொரு நெகட்டிவும் சின்னத் திரையில் வந்து நிற்கும். அவருடைய விரல்கள் சாவிகளின் மேல் ஓடும். நீலம் கூட்ட, சிவப்பு குறைக்க, வெளிச்சம் ஏற்ற என்று தனித்தனியாகச் சாவிகள். மற்ற போட்டோகிராபர்களின் ரோல்களுக்கு அதெல்லாம் தேவைப்படும் என்று நினைத்திருந்தேன்.

சர்புன்னிசா அடக்கமான ஆள் கிடையாது. அந்த மெஷின் முன்னால் தன்னை அடிக்க மதுரையிலும் ஆள் இல்லை என்று, கேட்காதவர்களிடமும் சொல்லும். என்னிடம் ஒருமுறை, “தாஸண்ணே, உங்க ரோல் வந்துருச்சுன்னா ஒரு டீயக் குடிச்சிட்டுத்தான் நான் உக்காருறது” என்றது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் வந்து சொல்லவும் செய்தேன்.

டிஜிட்டல் கேமராவை முதலில் எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தவன் இஷாக். நாகல் நகரில் புதிதாக ஸ்டுடியோ போட்டவன். எடுத்த உடனே பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டுவான். சனங்கள் பந்தியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். நான் சிரித்தேன். டீக்கடை, கோயில் வாசல், ரேஷன் கடை என்று எங்கே ஆள் கிடைத்தாலும் பிரசங்கம் செய்தேன். “கேமராவா படம் எடுக்குது? கண்ணுல்ல எடுக்குது. அந்தப் பயலுக்கு மெஷின் கண்ணு” என்றேன். பிறகு வரிசையாக மூன்று முகூர்த்தங்கள் இஷாக்குக்குப் போயின. மெஷின் கண்ணை நானும் போய் வாங்கி வந்தேன்.

“அன்னைக்கி வேற மாதிரி பேசுனீங்க” என்றாள் செபஸ்தியம்மாள்.

“கருவி மாறும். கண்ணு மாறாது” என்றேன். அதில் ஓர் உண்மை இருந்ததைப் பிறகு அனுபவித்தேன்.

புதுக் கேமராவோடு போன முதல் கல்யாணம் செம்பட்டி சின்னக்கண்ணு வீட்டுக் கல்யாணம். சின்னக்கண்ணு தென்னந்தோப்புக்காரர். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தை ஃபிலிமில் எடுத்தவன் நான்தான். இளைய மகள் பஞ்சவர்ணம். மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம். பஞ்சவர்ணம் என்ற பெயரைக் கேட்டதும் நல்ல சகுனம் என்று எனக்குப் பட்டது. என் ராசி அப்படி.

அன்றைக்கும் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கினேன். எட்டு. வெளிச்சம் கொஞ்சம் தாராளமாகவே விழட்டும் என்பது என் பழக்கம். ஃபிலிமுக்கு அது பிடிக்கும். இந்தக் கேமராவுக்கும் பிடிக்கும் என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்தேன். கையேடு ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைத் தராசுக்கு அடியில் ஆட்டம் நிற்கச் செருகுவதற்குக் கீழ்வீட்டு மளிகைக்காரரிடம் கொடுத்திருந்தேன். மண்டபத்தில் ஒரு பக்கம் டியூப்லைட், மேடையில் மஞ்சள் பல்பு, சன்னல் வழியாக வெயில். தாலி கட்டியதும் திரையில் எல்லாருக்கும் காட்டினேன். தீப்பெட்டி அளவுத் திரையில் எல்லாரும் அழகாகத்தான் இருந்தார்கள்.

பிரிண்ட் போடப் போனபோது சர்புன்னிசா பெரியகுளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தது. நூர் அகமது பாய் புதிதாக வந்த டிஜிட்டல் மெஷினில் கார்டைச் சொருகி, ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிட்டு, “அதுவா எல்லாம் பாத்துக்கும் தாசு” என்றார். அது பார்த்துக்கொண்ட லட்சணத்தை நானும் பார்த்தேன். மாப்பிள்ளையின் வேட்டியில் கரையே காணோம், ஒரே வெள்ளை. பொண்ணு தலையில் இருந்த மல்லிகை, பஞ்சுப் பொதி மாதிரி இருந்தது. டியூப்லைட் பக்கம் நின்றவர்களுக்குக் காமாலை, மேடையில் நின்றவர்களுக்குச் சுரம். பிரிண்ட் காய்ந்ததும் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆல்பம் அட்டையில் பொன் எழுத்தில் ‘கலர் தாஸ்’ போட்டு செம்பட்டிக்குக் கொண்டுபோனேன்.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஆல்பத்தை நடுவில் வைத்துப் புரட்டினார்கள். முதலில் சின்னக்கண்ணுதான் வாயைத் திறந்தார்.

“ஏப்பா தாசு, மூத்தவ கல்யாணத்துல நான் செவப்பா இருந்தேனே. அதுக்குள்ள இம்புட்டா கருத்துட்டேன்?”

“வெயில்ல அலையிறீகள்ல அண்ணே.”

“அப்பவும் வெயில்லதான அலைஞ்சேன்.”

அடுத்த பக்கம் புரண்டது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஏனுங்க, இந்தச் சேலை யாருதுங்க?”

“முகூர்த்தச் சேலைதாங்கம்மா. நீங்க எடுத்துக் குடுத்தது.”

“நாங்க எடுத்தது கத்திரிப்பூக் கலருங்க. இது ஊதால்லங்க?”

நிறத்தைப் பற்றிய பேச்சு என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. “ஊதான்னாலும் கத்திரிப்பூன்னாலும் ஒண்ணுதாங்கம்மா” என்றேன்.

“ஒண்ணுங்களா?” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நாங்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல காய்கறி மண்டி வச்சிருக்கோமுங்க. கத்திரிக்காயப் பத்தி எங்களுக்கே சொல்றீங்களா?”

பொண்ணுக்குத் தாங்கள் கொடுத்ததை மாற்றிவிட்டு வேறு சேலை கட்டிவிட்டார்களோ என்ற மாதிரி ஒரு பேச்சு மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து மெதுவாகக் கிளம்பியது. சின்னக்கண்ணுவின் மனைவி ராமுத்தாய் எழுந்து போய், பீரோவைத் திறந்து சேலையைக் கொண்டுவந்து ஆல்பத்தின் பக்கத்தில் விரித்தார். இங்கே அசல் கத்திரிப்பூ. அங்கே பேனா மையில் முக்கி எடுத்த நீலம். எல்லாரும் சேலையைப் பார்த்தார்கள், ஆல்பத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அட்டையில் இருந்த பொன் எழுத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

“கேமராவுல கோளாறு. சரி பண்ணிக் கொண்டாரேன்” என்றேன். ராமுத்தாய் சேலையை ஒரு மஞ்சள் பையில் போட்டு, “கறை படாமப் பாத்துக்கங்க” என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டார்.

சர்புன்னிசா ஊரிலிருந்து வந்ததும் நேரே போய் நின்றேன். கேமரா கம்பெனியைத் திட்டினேன், டியூப்லைட்டைத் திட்டினேன், அவருடைய புது மெஷினையும் பணிவாகத் திட்டினேன். சர்புன்னிசா கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “கேமரா நல்லாத்தான இருக்கு” என்றது.

“இதா நல்லா இருக்கு? ஃபிலிம்ல ஒருநாளாச்சும் இப்படி எடுத்திருக்கேனா?”

“எப்பவும் இப்படித்தானண்ணே எடுப்பீங்க.”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, “செபஸ்தியக்கா நெகட்டிவு இருக்குல்ல, கண்ணாடிக்குள்ள வச்சிருக்கீங்களே, அத எடுத்துட்டு வாங்க” என்றது.

ஸ்கூட்டரில் போய்க் கொண்டுவந்தேன். பழைய மெஷின் இன்னும் ஓரத்தில் இருந்தது. நெகட்டிவைச் செருகிவிட்டு, சர்புன்னிசா கைகளைச் சாவிகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. “பாத்துக்கங்க, ஒண்ணத்தையும் தொடல” என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு பொத்தானை அழுத்தியது. பிரிண்ட் வெளியே வந்து விழுந்தது.

என் மனைவி சாம்பல் பூத்துப்போய் இருந்தாள். பச்சைப் பட்டு, பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டு மாதிரி இருந்தது. சாயங்கால வெயில் எங்கேயும் இல்லை. நெற்றிப் பக்கம் வெளிறிப்போய், கன்னத்தில் ஒரு நீலம்.

“அப்ப அந்த வெளிச்சம்?” என்றேன்.

“நான் போட்டது. ரெண்டு நாள் உக்காந்தேன். உங்க வீட்டம்மாவாச்சேன்னு.” அது பெருமையாகத்தான் சொன்னது. “ஃபிலிம் நல்ல சாமானுண்ணே. நீங்க ரெண்டு மடங்கு வெளிச்சம் விட்டாலும் உள்ள எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கும். நான் தோண்டி எடுத்துருவேன். இது அப்படி இல்ல. வெள்ளையா வெந்து போச்சுன்னா வெந்ததுதான். அந்த வேட்டிக் கரைய நான் எங்க போயித் தேடுறது?”

“எல்லா ரோலும் இப்படித்தானா?”

“மழை நாள்ல எடுத்தது மட்டும் கொஞ்சம் சுமாரா இருக்கும்.”

டீ குடித்துவிட்டு உட்காருகிற மரியாதையின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நூர் அகமது பாய் ஏதோ வேலை இருப்பது போல வெளியே போனார். நல்ல மனுஷன்.

சேலையை மேசையில் விரித்துவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து சர்புன்னிசா கம்ப்யூட்டரில் நிறத்தை இழுத்தது. சேலை கத்திரிப்பூவுக்கு வந்தது; பஞ்சவர்ணத்தின் முகம் பீட்ரூட் ஆனது. முகத்தைக் கீழே இறக்கியதும் சேலை மறுபடி ஊதாவுக்கு ஓடியது. சேலையை மட்டும் தனியாக வெட்டி நிறம் பூசியதில், துணிக்கடைக் காலண்டரில் வருகிற பொம்மை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அதுவே கையை உதறிவிட்டு, “எனக்கே ஏலலண்ணே. திரும்ப எடுத்துருங்க” என்றது. ‘எனக்கே’ என்பதை அது அழுத்திச் சொன்னதைக் கவனித்தேன்.

வீட்டில் செபஸ்தியம்மாளிடம் அந்தச் சாம்பல் பிரிண்டைக் காட்டினேன். சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“அப்ப இம்புட்டு வருஷமா ரோட்டுல போறவுக பாத்ததெல்லாம் அந்தப் பிள்ளை வரைஞ்ச என்னையவா?”

“அப்படித்தான்னு சொல்லுது.”

“அதான என்னைய நேர்ல பாத்தா யாருக்கும் அடையாளமே தெரியல” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டு மளிகைக்காரரிடம் போய்க் கையேட்டைத் திரும்பக் கேட்டேன். தராசு ஆடும் என்றார். அவருக்கு ஒரு மரக்கட்டை செதுக்கிக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன். இங்கிலீஷில் இருந்தது. எங்கள் மகள் ஷைனி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். எந்த வெளிச்சத்தில் நிற்கிறோமோ அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளுமாம். இத்தனை காலம் வெள்ளை என்னவென்று எனக்கு யாரும் காட்ட வேண்டியிருந்ததில்லை. காட்டியிருந்தாலும் வானத்தைத்தான் பார்த்திருப்பேன். கொடியில் காய்ந்த வேட்டி, சுண்ணாம்புச் சுவர், இட்லி என்று வீட்டிலிருந்த வெள்ளையையெல்லாம் வைத்துப் பழகினேன். இட்லி சரிப்படவில்லை, எங்கள் வீட்டு அரிசி கொஞ்சம் பழுப்பு.

செம்பட்டிக்குப் போய், என் செலவில் திரும்ப எடுத்துத் தருகிறேன் என்றேன். மண்டபமும் கூட்டமும் வேண்டாம், பொண்ணும் மாப்பிள்ளையும் அதே உடுப்பில் நின்றால் போதும், பெரிய படங்களை மாற்றிவிடலாம் என்றேன். சின்னக்கண்ணு யோசித்துவிட்டு, “இந்தத் தடவையாச்சும் என்னையச் செவப்பா எடுப்பியா?” என்று கேட்டார். சத்தியம் செய்யாமல் தப்பித்துக்கொண்டேன்.

ஒரு காலையில் தென்னந்தோப்பு ஓரம், பம்புசெட் சுவரின் நிழலில் இருவரையும் நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் தலை வானத்துக்குப் போனது. பிடித்து இறக்கினேன். மாப்பிள்ளையின் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அதை முதலில் எடுத்தேன். அவர் வெட்கப்பட்டார். “வெள்ளைக்காகத்தான் தம்பி” என்றேன். அவருக்கு அது புரியவில்லை. வெளிச்சத்தைக் கைநழுவ விடாமல், குறைத்துக் குறைத்து எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் திரையைப் பார்த்தேன். எடுத்து முடிக்க ரொம்ப நேரமானது. முன்னெல்லாம் அந்த நேரத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்துப் பந்தியில் உட்கார்ந்திருப்பேன்.

நிழலில் திரை தெளிவாகத் தெரிந்தது. சேலை கத்திரிப்பூவாக இருந்தது. வேட்டிக்குக் கரை இருந்தது. பஞ்சவர்ணம் பஞ்சவர்ணம் மாதிரியே, நல்ல கறுப்பாக, கண்ணும் பல்லும் பளிச்சென்று இருந்தாள். ராமுத்தாய் எட்டிப் பார்த்தார்.

“சேலை சரியாயிருச்சு. முகத்தை மட்டும் செத்த செவப்பாக்கிருங்கண்ணே. மூத்தவளுக்குச் செஞ்சீங்கள்ல, அது மாதிரி.”

“வேணாம்மா” என்றாள் பஞ்சவர்ணம்.

“ஏன்டி, காலத்துக்கும் நிக்கிற போட்டோ.”

“அதான் வேணாங்கிறேன்.” அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கேமராவைப் பார்த்துத்தான் சொன்னாள். “பொண்ணு பாக்க முந்தி இவுக ஸ்டுடியோவுலதான படம் எடுத்துக் குடுத்தீக? அதப் பாத்துட்டுத்தான வந்தாக எல்லாரும். முன்னாடி வந்தவுக நேர்ல பாத்துட்டு காப்பி கூடக் குடிக்காமப் போனாக. எங்க மாமியாரும் தரகர்கிட்ட, போட்டோவுல இருக்கிறது அக்காளுங்களான்னு கேட்டாக. நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். “எங்கம்மா அப்படித்தானுங்க, மனசுல ஒண்ணும் இல்லீங்க” என்றார். ராமுத்தாய் மகளின் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, “அப்ப இப்படியே போடுங்கண்ணே” என்றார்.

அந்த முகங்களையெல்லாம் கோதுமையாக்கியது நான் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் நான்தான் என்று சொல்லிக்கொண்டவன் அன்றைக்கு மட்டும் எப்படி மாற்றிச் சொல்வது? கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சர்புன்னிசாவிடம் நடந்ததைச் சொன்னேன். அதற்குக் கோபம் வந்தது. “கேட்டவுகளுக்குத்தானண்ணே செஞ்சேன். செவப்பு பத்தலைன்னு எத்தனை பேரு பிரிண்டைத் திருப்பிக் கொண்டாந்தாக தெரியுமா? கறுப்பு பத்தலைன்னு ஒருத்தர் வந்திருப்பாகளா?” என்றது. படங்களைப் பிரிண்ட் போடும்போது பஞ்சவர்ணத்தின் முகத்தில் அது கை வைக்கவில்லை. ஆனால் ஆல்பத்துப் பழைய படங்களில் சின்னக்கண்ணுவின் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. “பெரியவருக்கு இனிமே யாரு பொண்ணு பாக்கப் போறா” என்றது. அவருக்கு அந்த ஆல்பம் ரொம்பப் பிடித்திருந்தது.

அதன்பிறகு பொண்ணு பார்க்கக் கொடுக்கிற படங்களை உள்ளது உள்ளபடி எடுத்துக் கொடுத்தேன். பாதிப் பேர் எழுந்து இஷாக்கிடம் போனார்கள். அவன் கம்ப்யூட்டரில் ஒரு தட்டில் எல்லாரையும் ரோஸ் ஆக்கிவிடுவான். ஒட்டன்சத்திரத்து அம்மா, தான் பார்த்துவைத்த சொந்தக்காரர் கல்யாணங்கள் இரண்டு மூன்றுக்கு என்னை அனுப்பினார்; “சேலை கலரை மட்டும் பாத்து எடுங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். லேபில் பழைய மெஷின் போனதும் சர்புன்னிசா ஆல்பம் டிசைன் செய்யும் வேலையைத் தானே தனியாக எடுத்துக்கொண்டது. திண்டுக்கல்லில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று இன்னும் சொல்கிறது. இப்போது நானும் அதைச் சொல்கிறேன். போர்டைப் புதிதாக எழுதியபோது பெயருக்கு முன்னால் இருந்த ‘கலர்’ என்பதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பெயின்டர், “அப்ப ஒங்களை யாருன்னு நெனைப்பாக?” என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எங்களுக்குக் கல்யாணமாகி வெள்ளி விழா வந்தது. கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ஷைனி, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். யோசித்துப் பார்த்ததில், கல்யாணத்துக்குப் பிறகு நான் எந்தப் படத்திலும் இல்லை. ஸ்டாண்டில் கேமராவை வைத்து, வெள்ளை பிடித்து, வெளிச்சம் பார்த்து, டைமரை அழுத்திவிட்டு ஓடிவந்து செபஸ்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. நாலைந்து தடவை ஓடிய பிறகு ஒன்று நன்றாக வந்தது.

கார்டை எடுத்துக்கொண்டு சர்புன்னிசாவிடம் போனோம். பெரிய திரையில் படம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. சேலையின் நிறம் சரி, பின்னால் இருந்த சுவரின் நிறம் சரி. செபஸ்தியம்மாள் நேரில் இருக்கிற மாதிரியே இருந்தாள். அவள் பக்கத்தில், வழுக்கைத் தலையும் வியர்வையுமாக, நூர் அகமது பாய் வீட்டுக் கிடங்கில் தொங்குகிற தோலின் நிறத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

“அருமையா எடுத்திருக்கீங்கண்ணே. நான் தொட வேண்டியதே இல்ல” என்றது சர்புன்னிசா. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரக் காத்திருந்த காலம் எனக்குத்தான் தெரியும்.

நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த ஆம்பளையை மட்டும் செத்த செவப்பாக்க முடியுமா?” என்று கேட்டேன்.

செபஸ்தியம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். “எம்புட்டு வேணும்னு தெளிவாச் சொல்லிருங்க, அந்தப் பிள்ளை ரெண்டு தரம் செய்யாம” என்றாள்.

படம் இப்போது டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதில் நான் கொஞ்சம் கோதுமை நிறம்தான்.